வீட்டுக் கணக்கு: எத்தனை கொடுக்கும்?

சென்ற இதழில் மழைக்காலத்தில் அரிசியில் வண்டு விழாமல் காப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். கடிதம் போட்ட எல்லோருக்கும் நன்றி. அதில் திருமங்கலத்துச் சகோதரி ஒருவர், "அரிசி மூட்டையைக் காரில் ஏற்றி வந்தேன் என்று போகிற போக்கில் எழுதிவிட்டு விட்டுவிட்டீர்களே! என்ன கார், எத்தனை கொடுக்கிறது, எங்களைப் போன்ற குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா?" என்று கேட்டிருக்கிறார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருஷம் முழுக்க நானும் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். "எத்தனை கொடுக்கும்?" அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் மாமியார். அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதுகூடக் கிடையாது.

முதலில் ஏன் வாங்கினோம் என்று சொல்லிவிடுகிறேன்.

2024 ஐப்பசி. அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே மதுரையில் பேய் மழை. மாட்டுத்தாவணியிலிருந்து உத்தங்குடிக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் எங்கள் வீடு. ராத்திரி பதினோரு மணிக்கு அத்தைக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழற ஆரம்பித்தது. சர்க்கரை வியாதிக்காரர். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தும் தெளியவில்லை. சந்துக்குள் முழங்கால் தண்ணீர், ஆட்டோக்காரர் ஒருவரும் வரமாட்டேன் என்றார்கள். 108-க்குக் கூப்பிட வேண்டும் என்று அந்தப் பதற்றத்தில் எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது எங்கள் தப்புத்தான். இவர் பைக்கை எடுத்தார். அத்தையை நடுவில் உட்கார வைத்து, ஒரு பழைய நூல் புடவையால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மூன்று பேராக அந்த மழையில் போனோம். வழியெல்லாம் அத்தையின் தலை என் தோளில் துவண்டு துவண்டு விழுந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அரை மணியில் கண் விழித்துவிட்டார். டாக்டரம்மாவோ எங்களைப் பார்த்து, "இந்த வயசுல இவங்களை பைக்லயா கூட்டிட்டு வர்றது?" என்று ஒரு பிடி பிடித்தார். என்ன பதில் சொல்வது?

மறுநாள் காலையில் காபி டம்ளரைக் கீழே வைக்காமலே இவர் சொன்னார், "கார் ஒண்ணு வாங்கிருவோம்."

சொல்வது சுலபம். எங்களுக்கு ஒரு பைப், குழாய்க் கடை. மாதாமாதம் கைக்கு வருவது ஒரே சீராக இருக்காது. சீட்டு எடுத்த பணம் இரண்டரை லட்சம், நான் சிறுகச் சிறுகச் சேர்த்தது ஒரு லட்சம், ஆக மூன்றரை. கடன் வாங்கினால் ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடாது என்று முதல் நாளே கோடு போட்டுவிட்டேன். தபாலாபீசில் இன்னொரு மூன்று லட்சம் இருக்கிறது. அது பெரியவளின் காலேஜ் பணம், அவள் அடுத்த வருஷம் பிளஸ் டூ முடிக்கிறாள். அதைத் தொடுவதில்லை என்று பிள்ளையார் படத்துக்கு முன்னால் இவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற சின்னவன், "பாக்க ஜாலியா, ஓட்டவும் ஜாலியா இருக்கணும்மா" என்று தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டான்.

எந்த ஷோரூமுக்குப் போனாலும் பேச்சு மைலேஜில்தான் ஆரம்பிக்கும். ஒருவர் ஆல்டோ கே10 லிட்டருக்கு 24.39 கிலோமீட்டர் என்றார். இன்னொருவர் வேகன்ஆர் 24.35 என்றார். புள்ளிக்குப் பிறகு இரண்டு எண் வரைக்கும் சொன்னால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது! நான் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அந்தப் பையன் இவரைப் பார்த்தே பதில் சொன்னான். கடைசியில் என்னிடம் திரும்பி, "மேடம், நீங்க கலர் பாத்துக்கிட்டு இருங்க" என்றான். நானும் பார்த்தேன், பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், "ஏம்மா, மாடு வாங்கப் போறவன் எத்தனை படி கறக்கும்னு தரகன்கிட்டயா கேப்பான்? கறந்துல்ல பாப்பான்" என்றார்.

இந்த ஊர்ப் பேரே அதைத்தான் சொல்கிறது. மாட்டுத்தாவணியில் இருக்கிற தாவணி, பாவாடை தாவணி இல்லை, மாட்டுச் சந்தை. 1999-இல் ஒருங்கிணைந்த பஸ் ஸ்டாண்ட் இங்கே வந்தது. பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட், பழ மார்க்கெட் என்று வரிசையாக வந்து, இப்போது மாட்டைத் தவிர எல்லாம் கிடைக்கிறது. எங்கள் மாமனார் உயிரோடு இருந்தபோது சந்தைக் கதை சொல்லுவார். தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களாம். வாயைத் திறந்து பல்லை எண்ணி வயசு பார்ப்பார்களாம். விற்க வருகிறவன் முதல் நாள் ராத்திரியே கறக்காமல் விட்டு மடியைப் புடைக்க வைத்துக் கூட்டிவருவானாம். "மடியைப் பாத்து ஏமாறாதே" என்பார்.

ஷோரூமில் சொல்லும் அந்த 24 பொய்யில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஏ.ஆர்.ஏ.ஐ. என்று புனேயில் ஒரு ஆராய்ச்சி நிலையம், 1966-லிருந்து இருக்கிறது. வண்டியை உருளைகளின்மேல் நிறுத்தி, சக்கரத்தை மட்டும் ஓடவிட்டு, இத்தனை விநாடிக்கு இத்தனை வேகம் என்று வைத்து அளக்கிறார்கள். அங்கே ஏ.சி. ஓடாது. பெரியார் பஸ் ஸ்டாண்ட் நெரிசல் இல்லை, வேகத்தடை இல்லை, டிக்கியில் அரிசி மூட்டை இல்லை. எல்லா வண்டியையும் ஒரே தராசில் போடுவதற்கு அது ஒரு படிக்கல். இந்த வண்டியைவிட அந்த வண்டி மேலா என்று பார்க்க உதவும். உங்கள் வீட்டில் அது எத்தனை கொடுக்கும் என்பதற்கு அது பதில் இல்லை.

சரி, நம் வீட்டில் கறந்து பார்ப்போம் என்று கணக்கு நோட்டை எடுத்தேன். கார் வந்தால் மாதம் எங்கெங்கே போவோம்? மேலூரைத் தாண்டி எங்கள் கிராமத்துக்கு இரண்டு முறை, 140 கிலோமீட்டர். உசிலம்பட்டியில் என் அம்மா வீட்டுக்கு ஒரு முறை, 90. ஆஸ்பத்திரிக்கும் லாபுக்கும் 50. கல்யாணம், காதுகுத்து, கோவில், மளிகை எல்லாம் சேர்த்து 120. ஆக மொத்தம் 400. கடைக்கு இவர் பைக்கில்தான் போவார். அதையும் எழுதி அடிக்கோடு போட்டேன்.

பெட்ரோலைக் கணக்குக்கு லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 16 கொடுக்கிற வண்டிக்கு மாதம் 2,500 ரூபாய். 20 கொடுத்தால் 2,000. 24 கொடுத்தால் 1,667. இந்த மூன்று எண்ணையும் ஒரு நிமிஷம் பாருங்களேன். 16-லிருந்து 20-க்குப் போனால் மிச்சம் 500 ரூபாய். 20-லிருந்து 24-க்குப் போனாலும் அதே நாலு கிலோமீட்டர்தான் கூடுகிறது, மிச்சம் மட்டும் 333. மேலே போகப் போக மிச்சம் சுருங்குகிறது. ஆக, ஒரு வண்டி 22, இன்னொன்று 24 என்று நாங்கள் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் சண்டை போட்டதெல்லாம் மாதம் நூற்றைம்பது ரூபாய் விவகாரம். ஒரு கிலோ நல்லெண்ணெய்கூட வராது!

இதே கணக்கு கேஸ் வண்டி ஆசையையும் முடித்துவைத்தது. சி.என்.ஜி. மாடலுக்கு எண்பது, தொண்ணூறாயிரம் கூடக் கேட்டார்கள். கிலோ 90 ரூபாய், கிலோவுக்கு 27 கிலோமீட்டர் என்று போட்டுப் பார்த்தேன். எங்கள் 400 கிலோமீட்டருக்கு மாதம் 667 ரூபாய் மிச்சம், வருஷத்துக்கு எட்டாயிரம். போட்ட பணம் திரும்பப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். போதாததற்கு சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும். அத்தையின் நாலு கால் தடியை எங்கே வைப்பது? (டாடா வண்டிகளில் 2023-லிருந்து ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்ன சிலிண்டராக அடியில் வைத்து, டிக்கியில் இடம் விடுகிறார்கள்.) ஆனால் என் நாத்தனார் வீட்டுக்காரர் வியாபாரத்துக்காக மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர். அவருக்கு வருஷம் நாற்பதாயிரம் மிச்சம், இரண்டு வருஷத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். அவரை நானே சி.என்.ஜி. வாங்கச் சொன்னேன். கரண்ட் காரும் பார்த்தோம். எங்கள் வீடு மாடிப் போர்ஷன், கார் நிற்பது தெருவில். வயர் எப்படி இழுப்பது என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மைலேஜை இப்படி ஓர் ஓரமாக வைத்த பிறகுதான் மற்ற விஷயங்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. யார் உட்காரப் போகிறார்கள்? யார் ஓட்டப் போகிறார்கள்?

நடுவில் ஒரு பழைய கதை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கார் என்றால் அம்பாசடர், இல்லாவிட்டால் ஃபியட். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு எப்போதாவது ஒன்று தென்படும். 1983 டிசம்பர் 14-ஆம் தேதி இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தார். விலை 47,500 ரூபாய் போல. எங்கள் ஊர் டாக்டர் வீட்டு வெள்ளை மாருதியைப் பார்ப்பதற்கென்றே நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுவழியாக வருவோம். முப்பது வருஷம் ஓடி, 2014-இல் அந்த வண்டி நின்றது. அதற்குள் நானோ வந்துவிட்டது. மழையில் ஒரே ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போன குடும்பத்தைப் பார்த்துத்தான் ரத்தன் டாடாவுக்கு அந்த யோசனை வந்தது. 2008-இல் காட்டினார்கள், 2009-இல் விற்பனைக்கு வந்தது. ஒரு லட்ச ரூபாய்க் கார், 624 சி.சி., இரண்டே சிலிண்டர். அவர் பார்த்தது எங்களைப் போன்றவர்களைத்தானே! ஆனாலும் ஓடவில்லை. 2018-இல் நிறுத்திவிட்டார்கள். "மலிவுக் கார்" என்று பேர் வைத்ததுதான் தப்பாகிவிட்டது என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். முதலில் வந்த நானோவில் டிக்கியை வெளியிலிருந்து திறக்கக்கூட முடியாது. கல்யாண வீட்டு வாசலில் மலிவுக் காரிலிருந்து இறங்க யாருக்கு மனசு வரும்? விலை குறைவாக இருக்க வேண்டும், ஆனால் அது நெற்றியில் எழுதியிருக்கக் கூடாது.

பிறகு அத்தையையே கூட்டிக்கொண்டு கிளம்பினோம். மாமனார் மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பாராம். நாங்கள் அத்தையை ஏறி இறங்கவிட்டுப் பார்த்தோம். ஆல்டோவைப் பார்த்ததும் எனக்கு ஆசை. மூன்றரை மீட்டர் நீளம்தான், எங்கள் சந்தில் பம்பரம் மாதிரித் திரும்பும். 2025 மார்ச்சிலிருந்து அதில் ஆறு காற்றுப்பையும் வைத்துவிட்டார்கள். ஆனால் ஸீட் தாழ்வு. முழங்கால் தேய்ந்த அத்தை உட்கார்ந்துவிட்டு, "கிணத்துக்குள்ள இறங்குன மாதிரி இருக்கு, தூக்கி விடுங்க" என்றார். ரெனோ க்விட் நம் ஊர் வண்டி, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் செய்கிறார்கள். அடிப்பாகம் நல்ல உயரம், வேகத்தடையில் இடிக்காது. சின்னவனுக்கு அது ஒரு குட்டி ஜீப்பாகத் தெரிந்தது, விடமாட்டேன் என்றான். காபிப் பேர் வைத்த எஸ்-பிரெஸ்ஸோவையும் பார்த்தோம். அத்தைக்குப் பரவாயில்லை, எனக்கு அந்த மூஞ்சி பிடிக்கவில்லை. டாடா டியாகோ கனமான, திடமான வண்டி. மோதிப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் 2020-இலேயே நாலு நட்சத்திரம் வாங்கியது. கதவைச் சாத்தும்போது வரும் சத்தமே தைரியம் சொல்லும். ஆனால் அதிலும் குனிந்துதான் ஏற வேண்டும்.

வேகன்ஆரில் அத்தை குனியவில்லை. முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, காலை எடுத்து உள்ளே வைத்தார். அவ்வளவுதான். அது ஏன் அப்படி உயரமாக இருக்கிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஜப்பானில் 3.4 மீட்டர் நீளத்துக்கும் 660 சி.சி.க்கும் மிகாத சின்னக் கார்களுக்குச் சலுகை உண்டு. நீளத்தைக் கூட்ட முடியாததால், 1993-இல் சுஸூகிக்காரர்கள் உயரத்தைக் கூட்டி இந்த வண்டியைச் செய்தார்கள். இங்கே வருவது அதைவிடப் பெரிசு என்றாலும் அந்த உயரம் மாறவில்லை. ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 2023-இல் நடந்த மோதல் சோதனையில் வேகன்ஆருக்கு ஒரே நட்சத்திரம்தான் கிடைத்தது. அது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான். நாங்கள் 70-க்கு மேல் போவதில்லை, பின்னால் இருக்கிறவர்களும் பெல்ட் போடாமல் வண்டி நகராது என்று வைத்திருக்கிறோம். தினமும் நாலு வழிச்சாலையில் போகிற வீடாக இருந்தால் டியாகோவைத்தான் எடுக்கச் சொல்வேன்.

2025 செப்டம்பர் 22-லிருந்து சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. பெட்ரோல் காராக இருந்தால் 1,200 சி.சி.க்குள், நாலு மீட்டருக்குள் இருக்க வேண்டும். புதுசே எடுத்துவிடலாம் என்று இவருக்கு ஆசை வந்துவிட்டது. பேப்பரில் வருகிற விலையோடு சாலை வரி சேரும், ஐந்து லட்சத்துக்குள் இருக்கிற காருக்கு நம் மாநிலத்தில் 12 சதவீதம். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும். அந்த அடிமட்ட விலை மாடலில் ஏ.சி. இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மதுரைச் சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத கார் இட்லிப் பானை. வேகன்ஆர் எல்லாம் சேர்த்து எங்கள் கோட்டைத் தாண்டியது. தபாலாபீஸ் புத்தகத்தின் பக்கம் இவர் பார்வை போனது. பிள்ளையாரை ஞாபகப்படுத்தினேன். பழைய வண்டி என்று முடிவாயிற்று.

இங்கேதான் பல் பார்க்கும் வேலை. கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் ஒரு நூலிழையில் தப்பினோம்.

முதலில் பார்த்த வண்டி சென்னைப் பதிவு. 2021 மாடல், 19,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றார் வியாபாரி. பளபளவென்று கண்ணைப் பறித்தது. விலையும் மற்றதைவிட நாற்பதாயிரம் குறைச்சல். இவர் முன்பணம் எடுத்துவிட்டார். எங்களோடு வந்த மெக்கானிக் அண்ணன், பேசாமல் பின் ஸீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். யாரும் இழுக்காத அந்த அடிப்பகுதியில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. காலடி விரிப்பைத் தூக்கினால் ஈரவாடை. தண்ணீரில் மூழ்கின வண்டி! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் எத்தனை கார் தண்ணீரில் நின்றதென்று நாம் டி.வி.யில் பார்த்தோமே, அதில் ஒன்றோ என்னவோ. வியாபாரியைக் கேட்டால், "எனக்கே தெரியாதும்மா" என்றார். மடியைப் பார்த்து ஏமாறத் தெரிந்தோம்.

அதே அண்ணன் டயரில் பல் எண்ணவும் கற்றுக்கொடுத்தார். டயர் ஓரத்தில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் வருஷம் 23-வது வாரத்தில் செய்தது. வண்டி 2022, ஓடியது 28,000 என்கிறார்கள், டயர் மட்டும் 2025 என்றால் ஏன் மாற்றினாய் என்று கேளுங்கள். 28,000 கிலோமீட்டரில் நாலு டயரும் தேயாது, மீட்டரைத் திருப்பியிருக்கலாம். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பரும் வழவழவென்று தேய்ந்திருந்தால் அதே சந்தேகம்தான். ஆர்.சி. புக்கில் பாங்க் கடன் பாக்கி இருக்கிறதா, எத்தனை கை மாறியது என்று பாருங்கள். போனில் எம்-பரிவாகனிலும் ஒத்துப் பாருங்கள். இன்னொன்று, முன்னால் இருவருக்கும் காற்றுப்பை கட்டாயம் என்று ஆனது 2022-லிருந்துதான். அதற்கு முந்தின வண்டி என்றால் ஓட்டுகிறவருக்கு மட்டும் இருக்கலாம். பக்கத்தில் உட்காருவது யார்? நாம்தானே!

ஐப்பசியில், மழை ராத்திரிக்குச் சரியாக ஒரு வருஷம் கழித்து, டி.என். 59 பதிவில், 2022 வேகன்ஆர் ஒன்று கிடைத்தது. ஒரே கை, 27,000 கிலோமீட்டர், டயர் நாலும் வண்டியோடு வந்தவை. புதுசு விலை இறங்கிவிட்டதே, பழசு இறங்க வேண்டாமா என்று நான் பிடித்த பிடியில் நாலு லட்சத்து முப்பதாயிரத்துக்கு முடிந்தது.

ஓட்டுவது யார் என்ற கேள்வி பாக்கி. அதற்கு முன்பே, பங்குனியில், நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். நாற்பத்து நாலு வயசில்! முதல் வாரம் ரிங் ரோட்டில் பின்னாலிருந்து லாரி ஹாரன் அடித்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். இவர், "உனக்கெதுக்கு, நான் இருக்கேன்ல" என்றார். இருந்தார், உண்மைதான். மார்கழியில் மோட்டார் வாங்க அவர் கோயமுத்தூர் போயிருந்த ராத்திரி, ஒரு மணிக்கு அத்தைக்கு மறுபடியும் அதே மாதிரி வந்தது. பெரியவள் பாட்டியைப் பிடித்து உட்கார வைத்தாள், சின்னவன் கேட்டைத் திறந்தான். என் கால் கிளட்ச்சில் நடுங்கிக்கொண்டே இருந்தது. எட்டு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசல். அதே டாக்டரம்மா. இந்தத் தடவை என்னைத் திட்டவில்லை. சாவியைப் பார்த்துவிட்டு, "நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

சின்னவன் கேட்ட ஜாலியும் இருக்கிறது. சின்ன வண்டிக்கு என்று ஒரு சுகம் உண்டு. மெதுவாகப் போனாலே வேகமாகப் போகிற மாதிரி இருக்கும். பழமுதிர்சோலை மலை ஏற்றத்தில் அஞ்சு பேரும் ஏ.சி.யுமாக மூன்றாம் கியரில் முனகும். இரண்டாவதுக்கு மாற்றினால் "சரி, ஏறுறேன்" என்று சொல்கிற மாதிரி இழுத்துக்கொண்டு போகும். வாங்குவதற்கு முன் இப்படி முழுக் குடும்பத்தையும் ஏற்றி ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒற்றை ஆளாக நாலு வழிச்சாலையில் ஓட்டினால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

கடைசியாகத் திருமங்கலத்துச் சகோதரிக்கு: எத்தனை கொடுக்கிறது? டாங்கை வழிய நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, ஓட்டி, மறுபடி அதே பங்கில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தேன். ஊருக்குள் ஏ.சி.யோடு 15.8. கலந்து ஓட்டினால் 18.2. உசிலம்பட்டி போய்வந்த மாதம் 20.4. இருபத்து நாலை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. பெட்ரோலிலும் கொஞ்சம் போகிறது. 2025-லிருந்து பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைச்சல். பழைய பெட்ரோலுக்கென்று செய்த கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021-இலேயே சொல்லியிருக்கிறது. எங்களுடையது 2022 வண்டி என்பதால் பெட்ரோல் போகிற ரப்பர் குழாய்களை சர்வீசுக்கு விடும்போதெல்லாம் பார்க்கச் சொல்கிறேன். நம் கையில் இருப்பது காற்று. டயரில் காற்று இறங்கியிருந்தால் சக்கரம் உருளாது, இழுபடும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பிடிப்பது என் வேலை. மாதம் சராசரி பெட்ரோல் 2,200 ஆகிறது. இன்ஷூரன்சுக்கும் சர்வீசுக்கும் வருஷம் இருபதாயிரம் தனியாக எடுத்து வைக்கிறேன். பெரியவளின் தபாலாபீஸ் பணம் அப்படியே இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் தோசை வேண்டுமாம் அத்தைக்கு. முன் ஸீட் தனக்குத்தான் என்று வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் காற்றுப் பிடிக்க வேண்டும்.